பன்னிரண்டாவது பிள்ளை

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் வணிகர் சங்கத்தில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். உட்கார்ந்தவர் எழுந்தால் அதுவும் கூடவே எழுந்து வரும். எங்கள் தலைவர் கேக் கடைக்காரர், தன் சரக்கைத் தானே ருசி பார்த்துப் பார்த்து வளர்த்த உடம்பு. அவர் பேச எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்து இழுக்க வேண்டும். செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது.

என்னை யாரும் மிரட்டவில்லை, அடிக்கவும் இல்லை. கேட்டீர்கள், சொல்கிறேன். நடுவில் சிரிப்பது போலத் தெரிந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் முகவாகே அப்படி. என் கல்யாண போட்டோவிலும் இப்படித்தான் இருப்பேன், என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

என் தொழில் பேட்டரி. கார், லாரி, இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் புதிது விற்பேன், பழையதை எடுத்துக்கொள்வேன். தெருவில் என் பெயரே 'ஆசிட்'தான். புதிது விற்பது மரியாதைக்கு, பழையது வாங்குவது சாப்பாட்டுக்கு. பழைய பேட்டரியை உடைத்தால் உள்ளே ஈயத் தகடு இருக்கும். அதை உருக்கி ஊற்றினால் கட்டி. கட்டிக்கு எப்போதும் ஆள் உண்டு.

எங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய காலி நிலம். கடைகளும் வீடுகளும் கட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டது, யாரும் எதுவும் கட்டவில்லை. அதைத் தொழிற்சாலை நிலமாக வகை மாற்றி, ஊர்க் குப்பையைக் கொண்டுவந்து தரம் பிரிக்கும் நிலையம் கட்டப்போவதாக நகர்மன்றம் அறிவித்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றும் போட்டிருந்தார்கள். எங்கள் தெருக்காரர்களிடம் போய் இப்படியா கேட்பது? பக்கத்துக் கடையில் சாயம் பூசினாலே ஆட்சேபிக்கிறவர்கள்.

அன்றைக்கே கூட்டம் போட்டோம். கேக் கடைக்காரர் ஈ மொய்க்கும் என்றார். ஜவுளிக் கடைக்காரர் துணியில் நாற்றம் ஏறிவிடும் என்றார். கண்ணாடிக் கடைக்காரர் அதிகம் பேசாதவர், அவர் கூட எழுந்து, லாரி போனால் தன் கண்ணாடியெல்லாம் அதிரும் என்றார். இத்தனை வருஷமாக நாங்கள் எல்லாரும் கடைக் குப்பையை எங்கே கொட்டினோம் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலி நிலத்தில்தான் கொட்டினோம்.

எனக்கு என்ன கவலை என்றால், அதையும் மறைக்கவில்லை. நகர்மன்றம் ஒட்டியிருந்த வரைபடத்தை மற்றவர்கள் எட்ட நின்று பார்த்துவிட்டுத் திட்டினார்கள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தேன். மூலையில் சின்னதாக ஒரு கட்டம், பழைய பேட்டரி சேகரிப்பு என்று எழுதியிருந்தது. யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுக்கலாமாம், முறைப்படி வாங்கிக்கொண்டு பணமும் கொடுப்பார்களாம். என் வயிற்றில் அடிக்கிற கட்டம் அது. அதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பொதுக்காரியத்தில் சொந்தப் பிரச்சினையைக் கொண்டுவருவது எனக்குப் பிடிக்காது.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகர்மன்ற மாடியில் நடந்தது. அதிகாரி ஒரு ஒல்லியான அம்மாள், குரலை உயர்த்தவே மாட்டார். கூரை போட்ட கட்டடம், மூடிய லாரி, காற்றை வடிகட்டும் இயந்திரம் என்று திரையில் படம் படமாகக் காட்டினார். நாங்கள் கத்தினோம். அவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். எங்கள் தலைவர் பொறுக்கமாட்டாமல், கையோடு கொண்டுவந்த ஒரு குப்பைப் பையை அவர் மேஜையில் கவிழ்த்து, இதோடு குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டார். அந்த அம்மாள் பேனா நுனியால் கிளறிப் பார்த்தார். பிறகு ஒரு அட்டைப் பெட்டியை நிமிர்த்தி, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க கடை கேக் பெட்டிதானே, சார்? அந்த நிலத்துலேர்ந்து எடுத்தீங்களா?"

கூட்டத்தில் சிரிக்காதவர் தலைவர் ஒருவர்தான். அன்று நாற்காலியை இழுக்கக்கூட எனக்குத் தெம்பில்லை, அவ்வளவு சிரித்திருந்தேன். ஆனால் காரியம் கெட்டுப்போனது உண்மை. வெளியே வந்ததும் எங்கள் வக்கீல், கத்தி ஒன்றும் ஆகாது, சட்டத்தில் ஓட்டை இருந்தால்தான் உண்டு என்றார். அவர் ஓட்டை தேடுவதில் கெட்டிக்காரர். இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

விதி இதுதான். பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் இருக்கும் இடத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள் குப்பை நிலையம் வரக்கூடாது. இப்போது காப்பகம் இல்லையே என்றால், இறுதி உத்தரவு கையெழுத்தாவதற்குள் ஆரம்பித்தாலும் செல்லும். குறைந்தது பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்க வேண்டும். நகர்மன்றத்திலிருந்து வந்து பார்க்கும்போது பன்னிரண்டு பேரும் இருக்க வேண்டும். உத்தரவு வரும்வரை மூடக்கூடாது, மூடினால் ஆட்சேபம் விழுந்துவிடும். உத்தரவு வந்த மறுநாள் மூடினால் யாரும் கேட்கப்போவதில்லை என்று வக்கீல் கண்ணடித்தார்.

குழந்தைகள் காப்பகம் என்றதும் சங்கத்தில் ஒரே உருக்கம். எங்களுக்கெல்லாம் திடீரென்று குழந்தைகள் மேல் அப்படி ஒரு பாசம் வந்துவிட்டது. "தூய காற்று எங்கள் பிள்ளைகளின் உரிமை" என்று பேனர் எழுதினோம். வாசகம் என்னுடையதுதான். நன்றாக இருக்கிறது என்று அந்த அதிகாரி அம்மாளே சொன்னதாகக் கேள்வி.

நிலத்தை ஒட்டி இருநூறு மீட்டருக்குள் காலியாக இருந்த ஒரே கட்டடம் என் பழைய கிடங்கு. அங்கேதான் முன்பு பேட்டரி உடைத்து உருக்கினோம். பிறகு அந்த வேலையை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். கிடங்கை வாடகைக்கு விட்டுப் பார்த்தேன், எவனும் நிலைக்கவில்லை. மாவு மில்காரன் தலைவலி என்று போனான். கோழி வைத்தவன் கோழியெல்லாம் கழுத்து தொங்கிச் சாகிறது என்று சண்டைக்கு வந்தான். கோழி வளர்க்கத் தெரியாதவன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சங்கம் இலவசமாகக் கேட்டது, கொடுத்தேன். கை தட்டினார்கள்.

நீங்கள் சுத்தம் செய்தாயா என்று கேட்பீர்கள். செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தரையில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினால், ஆசிட் இருக்கும் இடத்தில் புஸ்ஸென்று நுரைக்கும். நுரை நிற்கும்வரை ஊற்ற வேண்டும். நுரை நின்றால் தரை சுத்தம். பேட்டரிக்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நானே நின்று மூட்டை மூட்டையாகக் கரைத்து ஊற்றினேன். நுரை நின்றது. கால் சறுக்காமல் இருக்கட்டும் என்று மேலே பச்சைப் பாய் விரித்தோம்.

ஆசிட்டுக்குத்தான் சோடா உப்பு. ஈயத்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஈயம் நுரைக்காது, நாறாது, சுடாது, சுவரோடு சுவராக, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். இதுவும் பேட்டரிக்காரன் எவனைக் கேட்டாலும் தெரியும், ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். நாங்கள் வீட்டுச் செருப்போடு கொட்டகைக்குள் போவதில்லை. வேலைச் சட்டையை அங்கேயே மாட்டிவிட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். சோறு தொடுவதற்கு முன் கையை மணல் போட்டுத் தேய்ப்போம். ஒரு ஆள் சோர்ந்துபோய் உட்கார்ந்தால் மற்றவர்கள் "எங்க, பல்லக் காட்டு" என்பார்கள். ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தால் அவனைக் கொஞ்ச நாள் கடையில் உட்காரவைப்பேன். நான் முதலாளியாக யாரையும் கொடுமைப்படுத்தியவன் இல்லை.

கிடங்கு முற்றம் மண்தரை. முன்பு அங்கேதான் உடைப்போம். கண்ணாடிக் கடைக்காரர் தன் செலவில் அங்கே ஒரு ஊஞ்சல் போட்டார். ஜவுளிக் கடைக்காரர் பொம்மைகள் வாங்கிக் கொடுத்தார். தலைவர் தினமும் கேக் அனுப்புவதாகச் சொன்னார், முந்தின நாள் மிஞ்சியதை அனுப்பினார். மஞ்சளும் ஊதாவும் அடித்துச் சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வரைந்ததும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நம் கிடங்கா இது என்று நின்று பார்த்தேன்.

கடைத்தெருவில் வேலை பார்க்கும் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இலவசம், பக்கத்திலேயே இருக்கிறது, யார் வேண்டாம் என்பார்கள்? டீச்சராக வந்த பெண்ணும் நல்ல மாதிரி. ஆனால் எவ்வளவு முயன்றும் பதினொன்றுக்கு மேல் தேறவில்லை. வக்கீல் தினமும் போன் போட்டு, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு என்று உயிரை வாங்கினார். அப்போதுதான் எனக்குத் தங்கச்சி ஞாபகம் வந்தது.

என் தங்கச்சி கேக் கடையில் பெட்டி கட்டும் வேலை பார்க்கிறாள். புருஷன் இல்லை. அதற்காகச் செத்துப்போகவில்லை, எங்கோ நன்றாகத்தான் இருக்கிறான். மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். அந்தப் பெண்ணை நாங்கள் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். காலையில் வாயைத் திறந்தால் தூங்கும்போதுதான் மூடும். நாய்க்கு ஏன் பேண்ட் இல்லை, நிலா ஏன் நம்ம கூட வருது, மாமா ஏன் சொட்டை என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சொட்டைக்கு நான் மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன், எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

காப்பகத்துக்கு அனுப்பு என்றதும் தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இந்த அளவுக்கு யோசித்துச் செய்கிறாயே அண்ணா என்றாள். எனக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது. அப்படித்தான் பன்னிரண்டு ஆனது.

நான் வாரத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். வாயாடிதான் அங்கே ராஜாங்கம் நடத்தினாள். முற்றத்து மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கேக் செய்வாள், அம்மா கட்டுகிற கேக் என்பாள். சும்மா பிசைந்தால் பரவாயில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டுத் தானும் ஒரு வாய் சாப்பிடுவாள். டீச்சர் தடுப்பார். டீச்சர் ஒருத்தி, பிள்ளைகள் பன்னிரண்டு. எனக்கும் ஒரு முறை வாயாடி ஊட்ட வந்தாள். நான் சாப்பிடுவது போல நடித்துவிட்டுப் பின்பக்கம் தட்டிவிட்டேன். வீட்டுக்குள் போவதற்கு முன் கை கழுவிக்கொண்டேன்.

சில மாதத்தில் அவள் வயிற்று வலி என்று அழ ஆரம்பித்தாள். சாப்பாடு இறங்கவில்லை. முகம் வெளுத்தது. தங்கச்சி தூக்கிக்கொண்டு வந்தாள். மடியில் உட்காரவைத்து, எங்கே மாமாவுக்கு ஈ காட்டு என்றேன். எப்போதும் சொட்டை என்று ஒரு கிண்டலாவது வரும், அன்று அவள் பேசாமல் பல்லைக் காட்டினாள். கோடு மெலிதாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"என்னண்ணா அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்லை. பூச்சியா இருக்கும். பூச்சி மருந்து குடு, சரியாப் போயிடும்."

நானே வாங்கியும் கொடுத்தேன். விலை கூடின மருந்து.

அந்தச் சமயத்தில் வக்கீல் சொன்னார், நகர்மன்றத்திலிருந்து நேரில் பார்க்க வருகிறார்கள், பன்னிரண்டு தலை இருக்க வேண்டும் என்று. தங்கச்சி பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறேன், லீவு சொல்லிவிட்டேன் என்றாள். நான் அவள் வீட்டுக்கே போனேன். நியாயமாகத்தான் பேசினேன். இது ஒரு ஆள் பிரச்சினை இல்லை, தெருவே உன்னை நம்பியிருக்கிறது, தலைவர் உன் முதலாளி, அவர் முகத்தில் நாளைக்கு எப்படி முழிப்பாய் என்றேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இவ ராத்திரியெல்லாம் தூங்கலண்ணா. பேசவே மாட்டேங்கறா. எனக்குப் பயமா இருக்கு."

"அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும்தானே? நான் இருக்கேன்ல, எனக்கு அவ மேல அக்கறை இல்லையா?"

அனுப்பினாள். ஒல்லி அம்மாள் வந்தார், தலைகளை எண்ணினார். சுவரில் இருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துச் சிரித்தார். வாயாடி மூலையில் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார், விளையாடிய களைப்பு என்றேன். குழந்தைகளுக்கு நல்ல இடம் என்று அவர் சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகும் உத்தரவு வரவேண்டுமே. கையெழுத்து போடுகிறவர் லீவில் போயிருந்தார். அதுவரை பிள்ளையை அனுப்பு என்று தங்கச்சியிடம் சொல்லிவைத்தேன். டீச்சர் என்னிடம் வந்து, இன்னும் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள், பாய்க்கடியில் சாம்பல் நிறத்தில் தூசு சேர்ந்துகொண்டே இருக்கிறது, என்ன சார் இது என்றார். நன்றாகப் பெருக்குங்கள் என்றேன். ஈயத் தூசைப் பெருக்கக் கூடாது, பெருக்கினால் கிளம்பும். எங்கள் கொட்டகையில் துடைப்பத்துக்கே அனுமதி இல்லை. வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? நனைத்துத் துடையுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் காப்பகத்தை மூட வேண்டும். மூடினால் அத்தனை பேர் பாடும் வீண்.

உத்தரவு வந்தது. நில வகை மாற்றம் நிராகரிக்கப்பட்டது. தலைவர் தன் கடை வாசலில் அன்றைக்குச் செய்த புதுக் கேக்கையே வெட்டினார், அதிலிருந்தே எவ்வளவு சந்தோஷம் என்று புரிந்துகொள்ளுங்கள். என்னைத் தூக்கப் பார்த்தார்கள், முதுகு பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். நான் வாயில் கேக்கை வைத்த நேரத்தில் கடைக்குள்ளிருந்து தங்கச்சியின் அலறல் கேட்டது. டீச்சர் போன் செய்திருந்தார். வாயாடிக்கு வலிப்பு வந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரை ஓட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர், முகத்தில் ரத்தமே இல்லாமல் வந்து நின்றார். வீட்டில் யாராவது பேட்டரி, ஈயம் என்று வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். தங்கச்சி என்னைக் காட்டினாள்.

"எங்க அண்ணன். ஆனா அவர் குளிச்சு, வேற சட்டை போட்டுக்கிட்டுத்தான் டாக்டர் எங்க வீட்டுக்கே வருவார். அவ்வளவு ஜாக்கிரதையானவர்."

சொல்லி முடிக்கும்போதுதான் தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே புரிந்தது. மெல்ல என் பக்கம் திரும்பினாள். என் கூடப் பிறந்தவள் என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு வலித்தது, உண்மையாகவே வலித்தது.

"உனக்குத் தெரியுமாண்ணா?"

தெரியாது என்றேன். அந்த நேரத்தில் வேறு எதைச் சொன்னாலும் அவள் தாங்கியிருக்க மாட்டாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மற்றவர்களில் நான்கு பேர் இன்னும் ஆஸ்பத்திரியில். வாயாடி இப்போது வீட்டில்தான் இருக்கிறாள் என்று கேள்வி. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறாளாம், அதற்குப் பெயர் வரவில்லையாம். இனி வருமா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கலாம் என்றுதான் போனேன், தங்கச்சி கதவைத் திறக்கவில்லை. ஆத்திரம், தணிந்துவிடும். நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? ஒரு குப்பைக் கிடங்கு வந்திருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு என்னென்ன வியாதி வந்திருக்குமோ, அதை யாரும் யோசிக்கமாட்டேன் என்கிறார்கள். சங்கத்தில்கூட இப்போது என் போனை யாரும் எடுப்பதில்லை. தலைவர் மட்டும் ஒரு முறை தவறுதலாக எடுத்துவிட்டு, ராங் நம்பர் என்று தன் குரலிலேயே சொன்னார்.

சரி, நீங்கள் கேட்டபடி நேராகவே சொல்லிவிடுகிறேன். தரையிலும் மண்ணிலும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அவள் ஈறைப் பார்த்த அன்று அது அவளுக்குள் போய்விட்டதும் தெரியும். அதற்குப் பிறகும் உத்தரவு வரும்வரை அனுப்பச் சொன்னது நான்தான். இதில் வக்கீலுக்கோ தலைவருக்கோ சம்பந்தமில்லை, அவர்களுக்கு ஈயத்துக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாது. சிறுபிள்ளைகளை அது இவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. இதை ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சத்தியமாக நினைக்கவில்லை.

இப்போது இன்னொன்று கேட்கிறீர்கள். என் மகன் வழிப் பேரன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறானே, அவனுக்கும் மூன்று வயதுதானே, பன்னிரண்டாவது ஆள் தேடி ஊரெல்லாம் அலைந்தபோது அவனை ஏன் சேர்க்கவில்லை என்கிறீர்கள். மருமகள்கூட ஒரு தடவை கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவன் குழந்தை, ஐயா. எதைப் பார்த்தாலும் எடுத்து வாயில் வைத்துக்கொள்வான்.